வருவதற்கு முன்பே போன வண்டி

மதுரையில் வண்டியூரைத் தாண்டி ரிங் ரோட்டில் போனால், வயலுக்கு நடுவே படகைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு நீலக் கொட்டகை தெரியும். அதன் பெயர் தென்மண்டல ஒருங்கிணைந்த மின்னணுச் சரக்கு முனையம். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த இடத்தையே தாண்டிவிடலாம் என்பதால், லாரிக்காரர்கள் அதைக் 'கொட்டகை' என்று மட்டும் சொல்வார்கள்.

முன்பெல்லாம் அங்கே லாரிகள் காத்துக் கிடந்தன. டிரைவர்கள் லாரிக்கு அடியில் சமைத்தார்கள், குளித்தார்கள், துணி காயப்போட்டார்கள். இரண்டு டிரைவர்கள் அங்கேயே பேசிப் பழகிச் சம்பந்தியாகிவிட்டதாகவும் கேள்வி. இம்புட்டுக்கும் காகிதம்தான் காரணம் என்று ஒரு குழு கண்டுபிடித்தது. உடனே காகிதம் ஒழிக்கப்பட்டது. சரக்குச் சீட்டு, எடைச் சீட்டு, கேட் பாஸ் எல்லாம் போனுக்குள் போய்விட்டன. இனிமேல் கேமரா நம்பர் பிளேட்டைப் பார்க்கும், கம்பம் தானாக உயரும், லாரி உள்ளே போய்ச் சரக்கை இறக்கிவிட்டு வெளியே போகும். மனிதர் யாரும் குறுக்கே வர மாட்டார்கள். வாசலில் ஒரு பெரிய பலகை வைத்தார்கள்: 'இங்கே காத்திருப்பு பூஜ்யம்.'

சேக் இஸ்மாயில் அந்தப் பலகையை நம்பினார். இந்தக் கதையில் அவர் செய்த தப்பு அது ஒன்றுதான்.

காஜிமார் தெருக்காரர். சொந்தமாக ஒரே ஒரு லாரி, அதுவும் மனைவி சாயிரா பானு பெயரில். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் மகள் இஷ்ரத்துக்கு நிக்காஹ். வியாழக்கிழமை காலையில் சோழவந்தான் வெற்றிலைக் கூடைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு நிக்காஹ்வ வச்சுக்கிட்டு இன்னைக்கு லோடு அடிக்கணுமாக்கும்?" என்றாள் சாயிரா.

"ஆயுத பூஜைக்கு டிரைவர்க பூராம் ஊருக்குப் போயிட்டாய்ங்க. வெத்தலை நமக்காகக் காத்திருக்குமா? கொட்டகையில இப்ப எல்லாம் டிஜிட்டலு சாயிரா. நிக்கவே வேணாமாம். நீ தலைக்கு எண்ணெய் வச்சு ஊறிக் குளிக்கிறதுக்குள்ள வந்து நிப்பேன்."

"எண்ணெய் வைக்க எனக்கு எங்க நேரம்? போறதுதான் போறீக, நல்ல கூடையா ஒண்ணு நம்ம வீட்டுக்கு எடுத்து வையுங்க."

ஒரு கூடையைத் தனியாகச் சாக்குப் போட்டுச் சுற்றிச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

வண்டியின் முகத்தில் அப்போது சந்தனமும் குங்குமமும் இருந்தன. முதல்நாள் புக்கிங் ஆபீசில் ஆயுத பூஜை. அங்கே நிற்கிற எல்லா வண்டிக்கும் பொட்டு வைப்பது தங்கப்பொண்ணுவின் வேலை. அவள் சிவனாண்டி டிரைவரின் மனைவி. பாய் வண்டிக்கு வைக்கலாமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் வித்தியாசம் பார்த்த மாதிரி ஆகிவிடும். இஸ்மாயிலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இத்தனை வருசமாக அப்படித்தான்.

"இஷ்ரத்துப் பிள்ளை கல்யாண வண்டிண்ணே," என்று இந்த வருசம் நம்பர் பிளேட்டிலும் நல்ல பெரிய பொட்டாக இரண்டு வைத்தாள்.

வைத்த இடம்தான் கொஞ்சம் சிக்கல். அந்த நம்பரின் கடைசி எண் மூன்று. மூன்றுக்கு இடது பக்கம் இரண்டு வாய் திறந்து கிடக்கும். தங்கப்பொண்ணுவின் இரண்டு பொட்டும் அந்த இரண்டு வாயையும் அடைத்துவிட்டன. மனிதக் கண்ணுக்கு அது பொட்டு வைத்த மூன்று. கேமராவுக்கு அது எட்டு.

எட்டில் முடியும் வண்டி சிவனாண்டியுடையது. அவரும் இஸ்மாயிலும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே தட்டில் இனிப்பு வைத்து எடுத்த வண்டிகள்; நம்பரில் கடைசி எண் மட்டும்தான் வேறு. சிவனாண்டி அன்று விடியற்காலையிலேயே கொட்டகையில் லோடை இறக்கிவிட்டு வடக்கே போய்விட்டார்.

ஆகவே இஸ்மாயிலின் லாரி நுழைவாயிலில் வந்து நின்றபோது, கேமரா அதைச் சிவனாண்டி வண்டி என்று எடுத்துக்கொண்டது; இஸ்மாயிலின் போனில் இருந்த சரக்குச் சீட்டையும் அந்த வண்டியின் கணக்கிலேயே ஏற்றிவிட்டது. கம்பம் உயர்ந்தது. ஆகா என்று உள்ளே போனார். இறக்குமிடத்தின் கதவு திறக்கவில்லை. மேலே இருந்த திரையில் பச்சை எழுத்தில் வந்தது: 'பணி நிறைவு. நன்றி. மீண்டும் வருக.'

இறக்காத லோடுக்கு எதற்கு நன்றி என்று புரியாமல், வண்டியைத் திருப்பி வெளிவாசலுக்கு வந்தார். அங்கே கம்பம் உயரவில்லை. திரையில் சிவப்பு எழுத்து: 'இந்த வண்டி ஏற்கெனவே வெளியேறிவிட்டது.'

வெளிவாசல் காவலுக்கு இருந்தவள் செல்லக்கிளி. காக்கிச் சட்டைக்கு மேலே மல்லிகைப் பூவும், கையில் விசிலும் உண்டு. கம்பத்தைக் கையால் தூக்கும் கைப்பிடி மட்டும் கிடையாது. கைப்பிடி இருந்தால் கை நீளும் என்று அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

"அக்கா, கம்பத்தத் தூக்கச் சொல்லுங்க."

"நீங்கதான் போயிட்டீகளே பாய்."

"எங்க போனேன்? இந்தா நிக்கிறேன்ல?"

"நிக்கிறது எனக்குத் தெரியுது. சிஸ்டத்துக்குல்ல தெரியணும்."

"சரி, வண்டி கெடக்கட்டும். ஆளு போறதுக்குச் சின்னக் கதவு இருக்குல்ல, அது வழியா நான் போயிட்டு வாரேன். வீட்ல கல்யாண வேலை கெடக்கு."

"ஆளும் வண்டியும் ஒரே க்யூ.ஆர் பாய். வண்டி போயிருச்சுன்னா நீங்களும் போயிட்டீகன்னுதான் அர்த்தம். வெளிய போனவுகள எப்படி வெளிய விடுறது? அந்தக் கதவுலயும் கேமராதான் உக்காந்திருக்கு. எனக்கு விசிலு மட்டுந்தான்."

அவள் வண்டியைச் சுற்றி வந்தாள். முன்பக்கம் குனிந்து பார்த்தவள் வாயில் கையை வைத்தாள். "அட, பொட்டு! இந்த ரெண்டு பொட்டையும் தொடைச்சு விட்டாச் சரியாப் போயிரும் பாய்."

"அப்பத் தொடைங்க."

"நானா? வச்ச பொட்ட அழிக்கச் சொல்றீகளே, எங்க வீட்டுக்காரரும் லாரிதான் ஓட்டுறாரு. இந்நேரம் எந்த மேட்டுல ஏறுறாரோ. நீங்களே தொடைங்க."

இஸ்மாயில் தோள் துண்டை எடுத்தார். குனிந்தார். நிமிர்ந்தார்.

"எம்மக பேரச் சொல்லி ஒரு பிள்ளை வச்ச பொட்டுக்கா. நானே அழிக்கிறதா? அது இல்லாம, பாய் ஒருத்தன் குங்குமத்த அழிக்கிறான்னு எவனாச்சும் போன்ல படம் புடிச்சுப் போட்டான்னா, கல்யாணத்துக்குச் சமைக்க ஆள் வர மாட்டாய்ங்க, போலீசுதான் வரும்."

இருவரும் கொஞ்ச நேரம் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர் உதவி மையத்துக்கு நடந்தார்.

உதவி மையத்தில் கார்த்திகேஷ் என்றொரு இளம் அதிகாரி இருந்தார். ஏசிக் குளிரில் ஸ்வெட்டர் போட்டிருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"பொட்டைத் தொடக் கூடாது. நம்பர் பிளேட்டை யார் தொட்டாலும் அது அடையாளத்தைத் திருத்தினது ஆகும். முறைப்படி தரவுத் திருத்த அலுவலர்தான் சரி பண்ணணும்."

"அவரு எங்க?"

"விஜயதசமி லீவு."

"கம்ப்யூட்டருக்கு லீவு இல்லியா?"

"அதுக்கு எப்படி லீவு விட முடியும்? அது ஒழுங்கா வேலை செஞ்சிட்டு இருக்கு," என்ற கார்த்திகேஷ் கொஞ்சம் மனம் இளகினார். "ஆப்ல ஒரு புகார் போட்டுருங்க. உடனே பார்ப்பாங்க."

இஸ்மாயில் ஆப்பைத் திறந்தார். 'உங்கள் வண்டி இப்போது எங்கே உள்ளது?' என்று அது கேட்டது. தேர்ந்தெடுக்க மூன்று பதில்கள் இருந்தன. வந்துகொண்டிருக்கிறது. இறக்கிக்கொண்டிருக்கிறது. போய்விட்டது.

"சும்மா நிக்குதுன்னு ஒண்ணு இல்லியே சார்?"

"முன்னாடி இருந்துச்சு. 'காத்திருக்கிறது'ன்னு. அதைத்தான் எடுத்துட்டோமே. காத்திருப்பை ஒழிச்சாச்சு, அப்புறம் அந்த ஆப்ஷன் எதுக்கு?"

அந்த நேரம் போன் அடித்தது. சாயிரா.

"வண்டி கெளம்பிருச்சுன்னு மெசேஜ் வந்து எம்புட்டு நேரமாச்சு? எங்க சுத்திக்கிட்டு இருக்கீக? மாப்பிள்ள வீட்டாளுக வந்து உக்காந்திருக்காக."

"நான் இன்னும் கொட்டகைக்குள்ளதான் இருக்கேன் சாயிரா."

"பொய் சொல்லாதீக. நம்ம சரக்குச் சீட்டுல இருக்குற எம்பேருக்கு வந்த மெசேஜு. கவர்மெண்டு மெசேஜு பொய் சொல்லுமா, நீங்க சொல்லுவீகளா?"

கல்யாணம் ஆன நாள் முதல் இஸ்மாயில் சொன்ன சின்னச் சின்னப் பொய்களெல்லாம் வரிசையாக வந்து அவள் பக்கம் நின்றன.

மத்தியானத்துக்கு மேல் முனைய இயக்குநர் ஹரிராம் வந்தார். லீவு நாளில் அவர் வந்ததற்குக் காரணம் இருந்தது. மறுநாள் சென்னையிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருகிறது. பலகையில் பூஜ்யம் என்று எழுதியாகிவிட்டது; ஆனால் கணினிக் கணக்கில் சராசரிக் காத்திருப்பு பூஜ்யத்துக்கு வர மறுத்தது. லாரிகள் உள்ளே வந்தால் கொஞ்ச நேரமாவது நின்று தொலைத்தன. அதைக் குறைக்க, லாரிகளை ரிங் ரோட்டிலேயே நிறுத்தி வைத்துப் பார்த்தார். ரோடு முனையத்தைச் சேர்ந்தது அல்ல என்பதால் அங்கே நிற்பது காத்திருப்பில் சேராது. அப்படியும் பூஜ்யம் மட்டும் வரவில்லை.

கார்த்திகேஷ் தயங்கித் தயங்கி பாய் விவகாரத்தைச் சொன்னார். ஹரிராம் எரிச்சலோடு திரையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"கார்த்தி, இது என்னப்பா? சராசரி பூஜ்யத்துல நிக்குது?"

"மைனஸ் சார்," என்றார் கார்த்திகேஷ். "விடியக்காலம் போன வண்டி, காலையில வந்ததா பதிவாகியிருக்கு. வர்றதுக்கு முன்னாடியே போயிட்டதால, அதோட காத்திருப்பு பூஜ்யத்துக்கும் கீழ போயிருச்சு. அது மத்த வண்டிகளோட நேரத்தை எல்லாம் கழிச்சிருச்சு. ஒவ்வொரு தடவை அவர் கேமரா முன்னாடி வந்து கெஞ்சும்போதும், இப்பத்தான் வந்தார்னு பதிவாகுது. மைனஸ் இன்னும் கூடுது."

ஹரிராம் எழுந்து போய் இஸ்மாயிலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பாய், நீங்க எங்களுக்குக் கிடைச்ச விருந்தாளி."

"சார், அந்தக் கம்பத்த மட்டும்..."

"நாளைக்கு மதியம் வரைக்கும்தான். குழு வந்து பார்த்துட்டுப் போகட்டும். அப்புறம் நானே நின்னு அனுப்பி வைக்கிறேன்."

"நாளைக்கு மதியம் எம்மக நிக்காஹ் சார்."

"ரொம்ப சந்தோஷம்!" என்றார் ஹரிராம். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "நல்ல நாள்தான் பார்த்திருக்கீங்க. ஒரே ஒரு உதவி பாய். அப்பப்ப வண்டியை எடுத்துட்டு வந்து கேட்ல கேமரா முன்னாடி நின்னு, திறக்கச் சொல்லிக் கேட்டுட்டுப் போங்க. விட்றாதீங்க. நீங்க எவ்வளவு கேக்குறீங்களோ அவ்வளவு நமக்கு நல்லது."

பாய்க்குப் பரோட்டாவும் சால்னாவும் வாங்கி வரச் சொன்னார். படுக்கத் தலையணை வந்தது. கொசுவர்த்தி வந்தது. கம்பம் மட்டும் உயரவில்லை.

அன்று இரவு முழுக்க இஸ்மாயில் வெற்றிலைக் கூடைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். வெற்றிலை கைக்குழந்தை மாதிரி. காயவும் கூடாது, ஊறவும் கூடாது. அப்படியும் மேல் கூடைகளில் மஞ்சள் ஏறியது. இடையிடையே கேட்டுக்குப் போய்த் திறக்கச் சொல்லிக் கேட்டார். ஹரிராம் சொன்னதற்காக அல்ல. கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு முறை கேட்டபோதும் முனையத்தின் சேவைத்தரம் உயர்ந்தது.

சிவனாண்டிக்குப் போன் போட்டார்.

"மாமு, நான் ஆந்திராவுல இருக்கேன். என்னைய இங்க ஒரு டோல்ல புடிச்சு வச்சிருக்காய்ங்க. உன் வண்டி மதுரையில உள்ளல்ல இருக்கு, இது யாரு வண்டிங்கிறாய்ங்க."

வெள்ளிக்கிழமை காலை பந்தல் போட்டார்கள். வாழைமரம் கட்டினார்கள். இஸ்மாயிலின் லாரியை மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தி மாலை போட்டார்கள். நம்பர் பிளேட்டை மறைக்காமல் மாலையைத் தூக்கிக் கட்டச் சொல்லி ஹரிராமே நின்று பார்த்துக்கொண்டார். ஜும்மா நேரத்தில் இஸ்மாயில் லாரி நிழலில் துண்டை விரித்துத் தனியாகத் தொழுதார். அவர் எழுந்திருக்கும்வரை மைக் சோதனை செய்பவன் 'ஹலோ, ஹலோ' என்பதை நிறுத்தி வைத்திருந்தான். அந்த முனையத்தில் அவருக்காக யாரோ காத்திருந்தது அது ஒரு முறைதான்.

மதிப்பீட்டுக் குழுத் தலைவர் திரையைப் பார்த்தார். பிறகு மேடையேறினார்.

"காத்திருப்பைக் குறைக்க வேண்டும் என்றுதான் எல்லா நாடுகளும் முயல்கின்றன. குறைப்பது சாதாரணம். இந்த முனையம் அதைத் தாண்டிவிட்டது. இதோ நிற்கிறதே, இந்த வண்டி வருவதற்கு முன்பே போய்விட்டது! (கைதட்டல்) நிற்கிறதே என்று சிலர் கேட்கலாம். கண்ணால் பார்ப்பதை நம்பும் பழைய பழக்கம் அது. நாங்கள் கண்ணை நம்பித்தான் ஏமாந்தோம். அதனால்தான் தரவுக்கு வந்தோம். காத்திருப்பு என்பது ஒரு மனநிலை, நண்பர்களே. ஆவணம் காத்திருக்கிறதா? இல்லை. ஆவணம் போய்விட்டது. டிரைவரும் மனதளவில் போய்விட வேண்டும்."

ஹரிராம் இஸ்மாயிலை மேடையேற்றிச் சால்வை போர்த்தினார். கேடயம் கொடுத்தார். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள்.

"வேற ஒண்ணும் வேணாங்கய்யா," என்றார் இஸ்மாயில். "கேட்டத் தொறந்து விட்டாப் போதும்."

"பார்த்தீர்களா!" என்று தலைவர் மைக்கை வாங்கிக்கொண்டார். "இந்த முனையத்தின் கதவுகள் எளியவருக்கும் திறந்தே இருக்க வேண்டும் என்கிறார். எவ்வளவு உயர்ந்த மனசு!" பந்தல் அதிரக் கைதட்டினார்கள்.

அப்போது போன் அடித்தது. இந்த முறை இஷ்ரத்.

"அத்தா, ஜும்மா முடிஞ்சு எல்லாரும் வந்துட்டாங்க. பொண்ணுக்குப் பொறுப்பான வலி எங்கன்னு, நிக்காஹ் ஓத வந்த ஹஜரத் கேக்குறாங்க. நீங்கதான வந்து என்னைய எழுதிக் குடுக்கணும்? மாப்பிள்ள வீட்ல ஒரு மாதிரி பேசுறாங்க அத்தா. எங்க இருக்கீங்க?"

"வந்துட்டேன்மா. இந்தா, அஞ்சு நிமிசத்துல வாரேன்."

சால்வையோடு மேடையிலிருந்து இறங்கினார். வெற்றிலைக்குத் தெளிக்கிற வாளியில் தோள் துண்டை நனைத்தார். லாரிக்கு முன்னால் உட்கார்ந்தார். யாராவது படம் பிடிக்கிறார்களா என்று பார்க்கவில்லை. எல்லோரும்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தங்கப்பொண்ணு, கோவிச்சுக்காதம்மா," என்று சொல்லிவிட்டு, இரண்டு பொட்டையும் மெதுவாகத் துடைத்தார். துண்டின் சிவந்த பக்கம் உள்ளே போகும்படி மடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

வண்டியை எடுத்து வெளிவாசலுக்கு வந்தார். செல்லக்கிளி ஓடி வந்து விசிலை வாயில் வைத்து, ஊதாமல் நின்றாள். பந்தலில் இருந்தவர்களும் எழுந்து பின்னால் வந்துவிட்டார்கள். கேமரா பார்த்தது. இந்த முறை சரியாகவே பார்த்தது. மூன்று.

திரையில் எழுத்து வந்தது: 'இந்த வண்டி இன்னும் பயணம் தொடங்கவில்லை. தற்போதைய இருப்பிடம்: உரிமையாளர் வீடு, காஜிமார் தெரு.'

ஆவணத்தை எட்டாம் நம்பர் வண்டி எடுத்துக்கொண்டு போயிருந்ததால், மூன்றாம் நம்பர் வண்டி கிளம்பியதற்கு எந்த ஆதாரமும் இல்லை. கிளம்பாத வண்டி வரவில்லை. வராத வண்டிக்கு எதற்குக் கதவு?

ஹரிராமின் முகம் வெளுத்தது. மைனஸ் போய்விட்டதே! தலைவர்தான் அவர் தோளைத் தட்டினார்.

"ஏன் பயப்படுறீங்க? வராத வண்டி எப்படிக் காத்திருக்கும்? பூஜ்யம் பூஜ்யம்தான்."

மறுபடியும் கைதட்டினார்கள். பிறகு சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதால் பந்தலுக்குத் திரும்பிப் போனார்கள்.

இஸ்மாயில் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. சாயிரா. அவள் குரலில் நேற்று இருந்த கோபம் இல்லை.

"என்னங்க, இப்ப ஒரு மெசேஜு வந்துச்சு. வண்டி வீட்லதான் நிக்குதாம். நான் வாசல்ல போயிப் பாத்தேன். உங்க தம்பி அசீமு உங்களுக்குப் பதிலா வலியா உக்காந்திருக்காக. மாப்பிள்ளையோட மாமு, பொண்ணோட அத்தா எங்க, எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. இஷ்ரத்து எங்கையில இருந்து போனைப் புடுங்கி எல்லாருக்கும் காட்டிருச்சு. 'எங்கத்தா வீட்லதான் இருக்காங்க, பாருங்க'ன்னு."

"ம்."

"போனை ஹஜரத்துக்குப் பக்கத்துல வைக்கிறேன். வச்சிராதீக."

அவர் வைக்கவில்லை. ஸ்பீக்கரில் ஃபேன் சத்தம் கேட்டது, பிள்ளைகள் சத்தம் கேட்டது, ஹஜரத்தின் குரல் கேட்டது. மாப்பிள்ளை கபூல் என்று சம்மதம் சொன்னது ரொம்ப தூரத்தில் கேட்டது. துஆ ஓதும்போது ஸ்டியரிங்கிலிருந்து கைகளை எடுத்து ஏந்தினார். கம்பத்துக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டே ஆமீன் சொன்னார்.

செல்லக்கிளி கதவோரம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன பாய், என்ன சொல்றாக?"

"ஒண்ணுமில்லக்கா. நான் வீட்லதான் இருக்கேனாம்."

சீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கூடையின் சாக்கைப் பிரித்தார். அது மட்டும் வாடாமல் இருந்தது. ஒரு கவுளி வெற்றிலைக் கட்டை எடுத்து நீட்டினார். அவள் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டு, முந்தானை இல்லாததால் காக்கிச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"கல்யாணம் நல்லபடியா நடந்துச்சா பாய்?"

"நல்லா நடந்துச்சுக்கா. நான்தான் கூடவே இருந்தேனே."